புதுக் கைத்துப்பாக்கியைப் பழக்கி எடுப்பது

உங்கள் லைசென்ஸில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா கையில் வைத்திருக்கலாம் என்பது ஒன்று. ஓர் ஆண்டில் மொத்தம் எத்தனை வாங்கலாம் என்பது இன்னொன்று. புதுத் துப்பாக்கியைப் பழக்குவது பற்றிய பேச்சை இந்த இரண்டு எண்களில் இருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களைப் புரட்டினால் இருநூறு, ஐந்நூறு தோட்டா சுட்டால்தான் துப்பாக்கி வழிக்கு வரும் என்று எழுதியிருப்பார்கள். உத்திரமேரூர் வட்டத்தில் ரைஸ் மில்லோ கல்குவாரியோ நகை அடகுக்கடையோ நடத்திக்கொண்டு, காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கியவருக்கு அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. நமக்குக் கிடைக்கும் தோட்டா கொஞ்சம், விலையும் அதிகம். அதனால் நம்மூர் முறை வேறு: பழக்கும் வேலையில் முக்கால் பங்கைச் சுடாமலே முடித்துவிட வேண்டும். மீதிக் கால் பங்குக்கு ஐம்பது தோட்டாவே போதும்.

பழக்குவது என்றால் என்ன நடக்கிறது? புது மோட்டார் சைக்கிளை முதல் சர்வீஸ் வரை நிதானமாக ஓட்டச் சொல்கிறார்கள் அல்லவா, அதே காரணம்தான். இயந்திரத்தில் கடைந்த இரும்பின் விளிம்புகளில் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் இருக்கும். டிரிகரும் சுத்தியும் ஒன்றை ஒன்று பிடிக்கும் முகங்கள், சிலிண்டரைத் தள்ளித் திருப்பும் சிறு கை, அதைச் சரியான இடத்தில் நிறுத்தும் தடை, இவை உரசி உரசித்தான் வழவழப்பாகும். ஸ்பிரிங்குகளும் சில நூறு முறை அமுங்கி எழுந்த பிறகே நிலைக்கு வரும். குழலையும் பழக்க வேண்டும் என்று சிலர் ஒரு தோட்டாவுக்கு ஒரு தரம் துடைக்கச் சொல்வார்கள். அது தொலைதூர ரைபிள்காரர்களின் வழக்கம். மூன்று அங்குலக் குழலுக்கு அதில் பெரிய பயன் இல்லை.

இந்த அத்தியாயம் பெரும்பாலும் ரிவால்வரைப் பற்றியது, ஏனென்றால் நம் பக்கத்து லைசென்ஸ்தாரர் கையில் புதிதாக வருவது அநேகமாக .32 ரிவால்வர்தான். கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் ரிவால்வர் பழைய வெப்லி வடிவத்தின் வாரிசு. மேலிருந்து முறித்துத் திறப்பது, ஆறு தோட்டா கொள்வது. 2014-ல் வந்த நிர்பீக் அதே குடும்பத்தில் எடை குறைந்தது, சுமார் அரைக் கிலோ. அறிமுகமானபோதே விலை 1.22 லட்சத்தைத் தொட்டது. 2023-ல் வந்த பிரபலுக்குச் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். 2021 அக்டோபரில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகள் தனித்தனி அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. அதன்பிறகு துப்பாக்கிப் பெட்டியில் ஒரு நிறுவனத்தின் பெயரும் தோட்டாப் பெட்டியில் இன்னொன்றின் பெயரும் இருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டும் அசல்தான்.

ஆனால் தோட்டாப் பெட்டியில் வேறு ஒன்றைக் கவனித்துப் படிக்க வேண்டும். நம் நாட்டில் .32 என்ற ஒரே பெயரில் இரண்டு தோட்டாக்கள் புழங்குகின்றன. ரிவால்வருக்கு உரியது 7.65 × 23 மி.மீ. பிஸ்டலுக்கு உரியது அதைவிடக் குட்டை, 7.65 × 17 மி.மீ. குட்டைத் தோட்டா ரிவால்வர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. உட்கார்ந்துவிட்டதே என்று சுட்டுவிடக் கூடாது. இரண்டின் அழுத்தமும் வேறு, உறையின் அளவும் வேறு. கடைக்காரர் அவசரத்தில் எடுத்துக் கொடுத்தாலும், கல்லாவை விட்டு நகரும் முன் பெட்டி மேல் உள்ள எண்ணை நீங்களே ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

.32 என்றால் ஏதோ ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைப்பவர்கள் உண்டு. 9 மி.மீ.யும் .38-ம் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால்தான் நமக்கு இது வாய்த்தது, உண்மைதான். ஆனால் உலகப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலுக்குப் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதும் இதே நீளத் தோட்டாவின் வகையைத்தான். அந்தப் பிரிவில்தான் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். உதை குறைவு, குறி துல்லியம். பழகும் கைக்கு இதைவிட இதமானது கிடைக்காது.

முதல் நாள்: கிரீஸைக் கழற்றுவது

தொழிற்சாலையில் இருந்து வரும் துப்பாக்கி துருப்பிடிக்காமல் இருக்கத் தடித்த எண்ணெயிலோ கிரீஸிலோ குளித்து வரும். அது காப்புக்காகப் பூசியது, ஓட்டத்துக்காக அல்ல. அப்படியே சுட்டால் வெடிமருந்துக் கரியும் கிரீஸும் சேர்ந்து குழம்பாகி சிலிண்டரை இறுக்கிவிடும்.

மேசையில் பழைய வேட்டியை விரியுங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. துப்பாக்கியைத் திறந்து ஆறு அறையையும் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். இப்போதுதான் பெட்டியில் இருந்து எடுத்தேனே என்று தோன்றும். தோன்றினாலும் தொட்டுப் பாருங்கள். துப்பாக்கி துடைக்கும்போது வெடித்தது என்று பேப்பரில் வரும் செய்திகள் எல்லாம் அந்தத் தொட்டுப் பார்க்காத ஆறு விநாடியில் நடந்தவைதான்.

மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ் கிரீஸை நன்றாகக் கரைக்கும். குழலுக்கு ராடும் பித்தளை பிரஷ்ஷும். படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் இருந்தால், கயிறு கட்டிய புல் துரோவையும் 'ஃபோர் பை டூ' ஃப்ளானல் துணியையும் எடுத்து நீட்டுவார்கள். அதுவும் சரிதான், கயிறு மட்டும் குழல் வாயில் ஒரே பக்கமாக உரசாமல் நேராக இழுங்கள். மேலே திறக்கும் ரிவால்வரில் உறைகளைத் தள்ளி வெளியேற்றும் நட்சத்திர வடிவத் தகடு ஒன்று உண்டு. அதைத் தூக்கிப் பிடித்து அடியில் துடைக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு மணல் அளவு மருந்துத் துகள் அங்கே தங்கினால்கூட சிலிண்டர் சுழலாது.

மண்ணெண்ணெய் உலர்ந்ததும் துப்பாக்கி எண்ணெய். எவ்வளவு? ஊசி முனையில் நிற்கும் சொட்டு, நாலைந்து இடத்தில். அவ்வளவே. இந்த ஊரில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உத்திரமேரூரைச் சுற்றி கல்குவாரிகளும் கிரஷர்களும். காற்றில் எப்போதும் கல் பொடி இருக்கும். எண்ணெய் வழிய வழிய விட்ட துப்பாக்கியில் அந்தப் பொடி ஒட்டினால் அது உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தின்னும். பழக்குவதற்குப் பதில் தேய்த்து முடித்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், மற்ற நாளில் பிசின் கட்டும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும், ஆனால் சீக்கிரம் வற்றிப் போகும்.

இரண்டாம் வேலை: காது கொடுத்துக் கேட்பது

துடைத்து முடித்த காலித் துப்பாக்கியில் இப்போது சோதனை. சுத்தியைக் கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்லப் பின்னால் இழுங்கள். மறு கையின் விரலைச் சிலிண்டர் மேல் லேசாக வையுங்கள், நிறுத்துவது போல அல்ல, உரசுவது போல. சுத்தி கடைசிப் பல்லில் உட்காருவதற்குள் சிலிண்டர் தன் இடத்தில் 'டக்' என்று பூட்டிக்கொண்டுவிட வேண்டும். ஆறு அறைக்கும் இப்படிப் பார்க்க வேண்டும். ஓர் அறையில் மட்டும் சுத்தி ஏறிய பிறகும் சிலிண்டர் பூட்டாமல் ஆடினால், குண்டு குழலுக்குள் நேராக நுழையாமல் விளிம்பில் சீவிக்கொண்டு போகும். சீவிய ஈயம் பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். இது பழகினால் சரியாகும் குறையல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய குறை.

சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் அளக்கலாம். டிராக்டர் மெக்கானிக்குகள் டாப்பெட் வைக்கும் ஃபீலர் கேஜ் போதும், பஜாரில் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். கேஜை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். 0.1 முதல் 0.25 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதற்கும் குறைந்தால் சூட்டிலும் கரியிலும் உரசும், மிகவும் அதிகமானால் வாயு பக்கவாட்டில் கசியும்.

இனி உலர் பயிற்சி. வெறும் அறையில் டிரிகரை இழுத்துச் சுத்தியை விழவிடுவது இந்த வகை ரிவால்வருக்கு நல்லதல்ல, சுத்தியின் மூக்கு நாளாவட்டத்தில் முறியும். டம்மித் தோட்டா போட்டுத்தான் செய்ய வேண்டும். விளையாட்டுத் துப்பாக்கிச் சாமான் விற்பவர்களிடம் ஸ்பிரிங் வைத்த டம்மி கிடைக்கும். எது வாங்கினாலும் பளிச்சென்ற சிவப்பு நிறமாக இருக்கட்டும், நிஜத் தோட்டாவோடு குழம்ப ஒரு வழியும் இருக்கக் கூடாது. தினம் ஐம்பது முறை, இரண்டு வாரம். கனமான சுவரைப் பார்த்து, அதே சுவர், அதே நேரம். முடித்த பிறகு 'இன்னும் ஒரே ஒரு தரம்' என்று திரும்ப எடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் நிஜத் தோட்டா போன பிறகு எடுக்கும் அந்த ஒரு தரம்தான் டிவியை உடைக்கும், அதற்கு மேலும் செய்யும்.

இரண்டு வாரத்தில் டபுள் ஆக்‌ஷன் இழுப்பில் மணல் அரைபடுவது போன்ற உணர்வு குறைந்திருக்கும். இழுப்பின் கனம் அதிகம் குறையாது, கரகரப்புத்தான் போகும். அது போதும். இழுப்பை இளக்கித் தருகிறேன் என்று ஸ்பிரிங்கை வெட்டுபவர்கள், அரத்தால் ராவுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் சுத்தியின் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் போகும். டிரிகர் பிடிக்கும் முகத்தை ராவினால் கை தவறிக் கீழே விழும்போது தானாக வெடிக்கும்.

எங்கே சுடுவது

இதற்குப் பதில் சின்னது: ரேஞ்சில் மட்டும். ஏரிக்கரை வேண்டாம், கழனி வேண்டாம், கைவிட்ட குவாரிப் பள்ளமும் வேண்டாம். தாழ்வாகப் போகும் குண்டு தண்ணீர்ப் பரப்பில் பட்டால் எகிறிக் குதிக்கும், கருங்கல்லில் பட்டால் எந்தத் திசைக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது. சிறிய .32 குண்டுகூட ஒரு கிலோமீட்டர் தூரம் போகக்கூடியது. அந்தத் தூரத்துக்குள் ஆள் இல்லாத இடம் இந்த வட்டத்தில் எங்கே இருக்கிறது? வேடந்தாங்கலுக்குப் போகும் பறவைகள் நம் ஏரிகளிலும்தான் மேய்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி அஜாக்கிரதையாகச் சுட்டாலும், கல்யாணம் திருவிழா என்று குஷிக்குச் சுட்டாலும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

செங்கல்பட்டு பக்கம் ஒத்திவாக்கத்திலும் அனுமந்தபுரத்திலும் சுடுதளங்கள் உண்டு, ஆனால் அவை காவல்துறைக்கும் படைகளுக்கும். நமக்குச் சென்னையில் ரைபிள் கிளப் போன்ற இடங்கள்தான் வழி. உறுப்பினராக வேண்டும், சொந்த .32 துப்பாக்கியை அங்கே சுட அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் லைசென்ஸில் இன்னொரு இடத்தையும் பாருங்கள். அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு மட்டும் என்றிருந்தால், துப்பாக்கியோடு அந்த எல்லையைத் தாண்டுவதே குற்றம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் அந்த எல்லை நமக்கு இன்னும் அருகில் வந்துவிட்டது. தமிழ்நாடு முழுமைக்கும் நீட்டிக்க மனுக் கொடுத்து வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில். தோட்டா வேறு பெட்டியில். அசல் லைசென்ஸ் உங்கள் பையில்.

ஐம்பது தோட்டாவின் கணக்கு

முதல் நாள் இருபத்து நாலு. முதல் ஆறும் ஒற்றை ஒற்றையாக: ஒரு தோட்டா மட்டும் போட்டு, சுத்தியைக் கையால் ஏற்றி, ஆறு அறையையும் வரிசையாகச் சோதிப்பது. அடுத்த ஆறும் அப்படியே ஒற்றையாக, ஆனால் டபுள் ஆக்‌ஷனில். பிறகு முழுச் சிலிண்டர் இரண்டு முறை. காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் ஒன்றுகூடச் சுட வேண்டாம். ஒற்றையாகப் போடச் சொல்வதன் காரணம், புதுத் துப்பாக்கியும் பழகாத கையும் சேரும்போது எங்கே தவறினாலும் இரண்டாவது தோட்டா உள்ளே இருக்கக் கூடாது என்பதுதான்.

டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையா? திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து நிதானமாக முப்பதுவரை எண்ணுங்கள். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். இதைவிட மோசமானது, 'பொட்' என்று சத்தம் குறைந்து, உதையே இல்லாமல் போவது. அப்படியானால் குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். உடனே நிறுத்தி, காலி செய்து, பின்பக்கத்திலிருந்து குழலைப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

ஒவ்வொரு காலி உறையையும் எடுத்துப் பாருங்கள். துப்பாக்கி தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். உறையின் அடியில் நடுவே உள்ள சிறு வட்டத்தில் சுத்தி மூக்கின் குழி விழுந்திருக்கும். குழி வட்டத்தின் நடுவில், ஒரே ஆழத்தில் இருந்தால் நல்ல சேதி. ஓர் அறையில் மட்டும் குழி ஓரமாக விழுந்தால் அந்த அறை நேராக நிற்கவில்லை. குழி எல்லாவற்றிலும் ஆழமில்லாமல் இருந்தால் ஸ்பிரிங் வலு போதவில்லை, அல்லது உள்ளே இன்னும் கிரீஸ் இருக்கிறது. உறையின் உடம்பில் நீளவாக்கில் வெடிப்பு ஒன்றிரண்டில் மட்டும் என்றால் தோட்டாவின் வயதைச் சந்தேகிக்கலாம். ஒரே அறையில் திரும்பத் திரும்ப வந்தால் அறையைச் சந்தேகிக்க வேண்டும். அதற்காகவே ஆறு உறையையும் அறை வரிசைப்படி முட்டை அட்டையில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து அன்றிரவே துடைத்துவிட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்பது இந்த ஈரக் காற்றில் செல்லாது. இரண்டாம் நாள் பதினெட்டு தோட்டா, மூன்று முழுச் சிலிண்டர், நிறுத்தாமல். சிலிண்டர் சூடேறியும் இறுகாமல் சுழன்றால் துப்பாக்கி பழகிவிட்டது. மிச்சம் எட்டு, வீட்டில் வைப்பதற்கு.

எட்டா, எழுதி வையுங்கள். வாங்கிய தேதி, சுட்ட தேதி, இடம், காலி உறை எத்தனை, எல்லாம் ஒரு நோட்டில். புதுப்பிக்கப் போகும்போது கேட்பார்கள். கணக்குக் காட்டாதவனை ஒதுக்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் இங்கே வெட்டிய குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமல்ல, அவன் உறவுக்காரர்களையும் சேர்த்தே தேர்தலுக்கு ஆகாதவர்கள் என்கிறது.

பிஸ்டல் வாங்கியவர்களுக்கு, உதாரணமாக மேற்கு வங்கத்தில் தயாராகும் அஷானி, சில வரிகள் மட்டும். எண்ணெய் ஸ்லைடு ஓடும் தடத்தில் இருக்கட்டும், மேகசினுக்குள் வேண்டாம். மேகசினை முதல் சில முறை முழுக்க நிரப்பாமல் ஐந்தோடு நிறுத்துங்கள். இரண்டு மேகசின் இருந்தால் நகச்சாயத்தால் ஒன்று, இரண்டு என்று குறி போடுங்கள். அடிக்கடி சிக்கினால் குற்றம் துப்பாக்கியா, மேகசினா என்று அந்தக் குறிதான் சொல்லும். மணிக்கட்டைத் தளர விட்டாலும் சிக்கும், அதைத் துப்பாக்கி மேல் போடாதீர்கள்.

மழையும் பூஜையும் தேர்தலும்

பழகிய துப்பாக்கியைக் கெடுப்பவை மூன்று. வடகிழக்குப் பருவமழை முதலாவது. ஐப்பசி, கார்த்திகையில் தோல் உறைக்குள் துப்பாக்கியை வைத்துவிட்டு மறந்தால், உறை குடித்த ஈரமெல்லாம் இரும்பில் இறங்கும். தோல் உறை இடுப்பில் மாட்டத்தான். பீரோவில் வைக்க எண்ணெய் தோய்ந்த துணியும் சிலிக்கா ஜெல் பையும்.

இரண்டாவது ஆயுத பூஜை. பொட்டு வைக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சந்தனம் ஈரம், குங்குமத்தில் சுண்ணாம்பின் சேர்க்கை உண்டு. கருநீலப் பூச்சு மேல் ஓர் இரவு இருந்தாலே வட்டமாகத் தழும்பு விழும். மரப்பிடியில் வையுங்கள், இரும்பில் வைத்தே ஆக வேண்டும் என்றால் தீபாராதனை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

மூன்றாவது தேர்தல். நடத்தை விதி வந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனில் இருந்து போன் வரும். "சார், ரெண்டு நாளைக்குள்ள கொண்டாந்து குடுத்துடுங்க" என்பார் ரைட்டர். பழக்கும் வேலை பாதியில் நின்றாலும் பாதகமில்லை. ஆனால் வாரக்கணக்கில் அது யார் கையும் படாமல் கிடக்கும். நன்றாகத் துடைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் பூசி, தோல் உறை இல்லாமல் கொடுங்கள். வரிசை எண் எழுதிய ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். திரும்பி வந்ததும் முதல் நாள் செய்த வேலை அத்தனையும், அறையைத் தொட்டுப் பார்ப்பதில் இருந்து, மறுபடி ஒரு முறை.

இவ்வளவு சுட்ட பிறகும் ஓர் அறையில் குழி ஓரமாகவே விழுகிறது, அல்லது சிலிண்டர் பூட்டாமல் ஆடுகிறது என்றால் இன்னும் சுட்டுப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள். முட்டை அட்டையில் வரிசையாக வைத்த உறைகள், நோட்டு, பில், லைசென்ஸ் நாலையும் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள். "டிரிகர் சரியில்லை அண்ணே" என்று பொதுவாகச் சொன்னால் "பழகப் பழகச் சரியாகிடும் சார்" என்று அனுப்பிவிடுவார். "நாலாவது அறையில் மட்டும் அடி ஓரமாக விழுகிறது, இதோ ஏழு உறை" என்று கல்லாவில் வையுங்கள். தொழிற்சாலைக்கு எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.